எதிர்வீட்டு ரிலேக்காரர்

பெங்களூரில் குடியேறிய தமிழர்களை இந்த ஊர் முதலில் வசப்படுத்துவது தன் சீதோஷ்ணத்தால் என்று சொல்வார்கள். அது மெய்தான் என்றாலும், அந்தச் சீதோஷ்ணத்துக்கு ஆண்டு முழுவதும் நாம் செலுத்தும் கப்பம் ஒன்று உண்டு, அதுதான் விடியற்காலை வெந்நீர். கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் அமைந்த இந்த மேட்டு நிலத்தில், மார்கழி மாதத்து வைகறையில் குழாயிலிருந்து வரும் ஜலத்தை அப்படியே தலையில் விட்டுக்கொள்ளத் துணிகிறவர் கடும் வைராக்கியமுள்ளவராக இருக்க வேண்டும், அல்லது சென்னையிலிருந்து முதல் நாள் இரவு ரெயிலில் வந்து இறங்கியவராக இருக்க வேண்டும். 1884-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் தேதி இவ்வூரின் வெப்பநிலை 7.8 டிகிரி செல்சியஸ் வரைக்கும் இறங்கிற்று என்று வானிலைப் பதிவேடு சொல்கிறது. அன்று எங்கள் அல்சூர் சோமேசுவரர் கோவில் அர்ச்சகர் எந்த ஜலத்தில் ஸ்நானம் செய்தார் என்பதை மட்டும் அது சொல்லாமல் விட்டுவிட்டது.

நான் இங்கே வந்த காலத்தில் கன்னடக்காரர் வீடுகளில் ‘ஹண்டே’ என்ற பெரிய செப்புப் பாத்திரத்தை அடுப்பின் மேல் நிரந்தரமாகவே பதித்து வைத்திருப்பார்கள். தமிழர் வீடுகளில் நடுவே புகைக்குழாய் ஏறும் செப்பு பாய்லர் இருந்தது. அடியில் தேங்காய் மட்டையும் மரத்தூளும் போட்டு மூட்டினால் வீட்டில் எத்தனை பேர் உண்டோ அத்தனை பேருக்கும் வெந்நீர் கிடைத்துவிடும், கூடவே கண்ணெரிச்சலும் கிடைத்துவிடும். பிறகு கீசர் வந்தது. அதற்கும் பிறகு சூரியனே வந்தான். குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட புதிய வீடுகளுக்கெல்லாம் சூரிய வெந்நீர்க் கருவியை 2007-ஆம் ஆண்டில் கர்நாடக அரசாங்கம் கட்டாயமாக்கியது; கருவியை வைத்துக்கொண்டவர்களுக்கு மின்கட்டணத்தில் யூனிட்டுக்கு ஐம்பது பைசா வீதம், மாதத்துக்கு ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல், சலுகையும் கிடைத்து வந்தது. எங்கள் வீடு பழைய வீடாகையால் எங்களை யாரும் நிர்ப்பந்திக்கவில்லை. ஆனால் அக்கம்பக்கத்து மொட்டை மாடிகளிலெல்லாம் அந்தச் சாய்ந்த கண்ணாடிக் குழாய்களும் உருண்டைத் தொட்டிகளும் வரிசையாக ஏறிய பின், நம் மாடி மட்டும் வெறுமையாகக் கிடப்பது என் மனைவிக்குச் சகிக்கவில்லை.

இந்தக் கருவியில் உள்ள தத்துவம் மிக எளியது. வெயிலில் சூடேறிய ஜலம் இலேசாகித் தானாகவே மேலே தொட்டிக்கு ஏறுகிறது. தொட்டியின் அடியிலுள்ள குளிர்ந்த ஜலம் அதன் இடத்துக்கு இறங்குகிறது. பம்பு கிடையாது, சத்தம் கிடையாது. சிக்கலெல்லாம் வெயில் இல்லாத நாட்களில்தான் ஆரம்பமாகிறது. ஆனி முதல் புரட்டாசி வரைக்கும் மேகம் கவிந்தே கிடக்கிற ஊர் இது. ஆகவே தொட்டிக்குள் இரண்டு கிலோவாட் ஹீட்டர் ஒன்றையும் பொருத்திவிடுகிறார்கள். 200 லிட்டர் ஜலத்தை 35 டிகிரி உயர்த்துவதற்குக் கிட்டத்தட்ட 8 யூனிட் மின்சாரம் வேண்டும், அதாவது நாலு மணி நேரம் அந்த ஹீட்டர் ஓட வேண்டும். இந்தப் பெரிய மின்னோட்டத்தைத் தொட்டியில் செருகிய சின்னஞ்சிறு தெர்மோஸ்டாட்டின் வழியாகவே அனுப்பினால் அது சீக்கிரத்தில் கருகிவிடும் என்பதால், எங்கள் வீட்டில் கருவியைப் பொருத்தியவர்கள் இடையில் ஒரு ரிலேயை வைத்திருந்தார்கள். நேரம் குறிக்கும் டைமரும் தெர்மோஸ்டாட்டும் ரிலேயின் காயிலுக்கு மாத்திரம் கட்டளை கொடுக்கும். காயில் காந்தமாகி ஓர் இரும்புத் தகட்டை இழுக்கும். அந்தத் தகடு இரண்டு வெள்ளிக் குமிழ்களைச் சேர்த்துவைத்து ஹீட்டருக்கு வழிவிடும். மெல்லிய மின்னோட்டம் ஆணையிட, வல்லமை உடைய மின்னோட்டம் கீழ்ப்படிகிறது. ரிலே என்பது இவ்வளவுதான்.

2013-ஆம் ஆண்டின் மழைக்காலத்துக்கு நடுவே, வெயில் சுள்ளென்று அடித்த ஒரு பகலில், மாடியிலிருந்த தொட்டியின் காற்றுக் குழாயிலிருந்து நீராவி புசுபுசுவென்று வெளியேறுவதைத் துணி உலர்த்தப் போன என் மனைவி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். வெயிலின் பிரபாவம் என்று நான் சமாதானம் சொன்னேன். இருட்டிய பிறகும் நீராவி வந்துகொண்டிருந்தபோது அந்தச் சமாதானம் செல்லவில்லை. தொட்டியைப் பராமரிக்கும் கம்பெனிக்குச் சொல்லி அனுப்பியதில் மறுநாள் ஒரு வாலிபர் ஸ்கூட்டரில் வந்தார், பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார். “போர்டு போயிடுச்சு சார். பெட்டியோட மாத்தணும்,” என்று சொல்லி, நான் மூன்று மாதம் பத்திரிகைகளுக்கு எழுதிச் சம்பாதிக்கிற தொகையைச் சொல்லிவிட்டுப் போனார். போர்டில் எது போயிற்று, ஏன் போயிற்று என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. பதில் இருக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் கற்றுக்கொடுத்ததாகவும் தெரியவில்லை. பிழை அந்த வாலிபருடையதல்ல.

எங்கள் எதிர்வீட்டில் குடியிருந்த பெரியவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். இவ்வூரின் கிழக்குப் பகுதியில் தமிழர்கள் ஏன் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டால், ஆங்கிலேயர் 1809-இல் இங்கே தண்டு அமைத்ததும், அதன் பின்னால் மதராஸ் ராஜதானியிலிருந்து வந்து சேர்ந்த சிப்பாய்களும் வியாபாரிகளும் தொழிலாளிகளும்தான் ஆதிகாரணம். ஆனால் அவர்களுடைய பேரன்மாரை இங்கேயே நிலைபெறச் செய்தவை எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.ஈ.எல். என்ற நாலு பெரிய தொழிற்சாலைகள். காலையில் அந்தத் தொழிற்சாலைகளின் பஸ்கள் தெருமுனையில் வந்து நிற்பதை வைத்தே அல்சூரில் அநேக வீடுகளில் அடுப்பு மூட்டும் நேரம் நிர்ணயமாயிற்று. பெரியவர் அவற்றில் ஐ.டி.ஐ.யைச் சேர்ந்தவர். சுதந்தர இந்தியாவின் முதல் பொதுத்துறை நிறுவனமாக 1948-இல் ஆரம்பிக்கப்பட்டு, பழைய மதராஸ் ரோட்டில் தூரவாணி நகர் என்று ஒரு ஊரையே தன்னைச் சுற்றி உண்டாக்கிக்கொண்ட அந்த டெலிபோன் தொழிற்சாலையில், உத்தியோக காலம் முழுவதும் அவர் செய்தது ஒரே வேலை: ரிலேக்களைச் சீர்செய்தல்.

பழைய ஸ்ட்ரௌஜர் டெலிபோன் நிலையத்தை உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேலையின் அருமை விளங்கும். அமெரிக்காவில் கான்ஸாஸ் ஸிடியில் பிரேத அடக்கம் செய்து பிழைத்துவந்த ஆல்மன் ஸ்ட்ரௌஜர் என்பவர், டெலிபோன் நிலையத்துப் பெண்மணி தமக்கு வர வேண்டிய வாடிக்கைகளை வேறொருவருக்குத் திருப்பிவிடுகிறாள் என்று சந்தேகித்து, மனிதர் தலையீடே இல்லாமல் இணைப்புக் கொடுக்கும் யந்திரத்தை யோசித்து 1891-இல் அதற்குப் பேடண்ட் உரிமையும் பெற்றார். அந்தச் சந்தேகத்தின் பலனாக உலகமெங்கும் எழுந்த கூடங்களில் ஆயிரக்கணக்கான ரிலேக்கள் இரவும் பகலும் ‘டக் டக்’ என்று பேசிக்கொண்டிருந்தன. அவற்றில் 3000 டைப் என்று பெயர் பெற்ற ரிலேயின் வில்தகடுகளை, இத்தனை கிராம் அழுத்தத்தில் இணைய வேண்டும், இத்தனை நூலிழை இடைவெளி விட வேண்டும் என்ற கணக்குப்படி, வளைக்கும் கோலால் தொட்டும் தொடாமலும் வளைத்து வைப்பதுதான் பெரியவரின் தொழில். மின்னணு நிலையங்கள் வந்ததும் அந்தத் தொழில் மறைந்தது. ஓய்வு பெற்றபோது அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தவை ஒரு குடை, ஒரு எச்.எம்.டி. கைக்கடிகாரம், துணிச்சுருளில் பொதிந்த தம் சொந்தக் கருவிகள் ஆகியவையே.

விஷயத்தைக் கேட்டதும் அவர் மாடிக்குப் போகவில்லை; வாசலில் மீட்டர்ப் பெட்டியின் முன்னால் போய் நின்றார். வீட்டிலிருந்த விளக்கு, மின்விசிறி, குளிர்பெட்டி எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். நிறுத்தியும் மீட்டரின் சிவப்பு விளக்கு ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தது. மீட்டரின் முகத்தில் யூனிட் ஒன்றுக்கு 3200 துடிப்பு என்று அச்சிட்டிருந்ததைக் கண்ணாடியை உயர்த்திப் படித்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அரை நிமிஷம் உதட்டசைவால் எண்ணினார்.

“அம்பத்து மூணு. அப்போ ரெண்டு கிலோவாட். உங்க ஹீட்டர்தான் சார் ஓடுது, வேறெதுவும் இல்லை,” என்றார்.

அதன் பிறகுதான் மாடிப்படியின் முகட்டறையில் இருந்த பெட்டிக்கு வந்தார். தெர்மோஸ்டாட்டின் திருகை மேலும் கீழுமாகத் திருப்பினார். அதனுள் ‘டிக்’ என்ற சன்னமான ஓசை ஒவ்வொரு முறையும் கேட்டது. அதைத் தொடர்ந்து ரிலேயிடமிருந்து வர வேண்டிய ‘டக்’ வரவில்லை. கீழே நின்ற என் மனைவி, விளக்கு துடித்துக்கொண்டே இருப்பதாகக் குரல் கொடுத்தாள்.

“காயில் விட்டாச்சு சார், பாயிண்ட் விடலை. ஒட்டிக்கிச்சு.”

மெயினை இறக்கி, அந்த எம்.சி.பி.யின் பிடியில் தம் கைக்குட்டையை முடிச்சிட்டுக் கட்டிவிட்டு, வேறு யாரும் அதை ஏற்றாதிருக்கும்படி என் மனைவியை அதன் பக்கத்தில் நிற்கச் சொன்னார். “அம்மா, ஆண்டவனே வந்து கேட்டாலும் ஏத்தாதீங்க.” அப்புறம் டெஸ்டரை முதலில் மின்சாரம் உள்ள ஓர் இடத்தில் வைத்துப் பார்த்தார், பிறகு பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார், மறுபடியும் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்துப் பார்த்தார். எரியாத டெஸ்டர் இரண்டு செய்திகளில் எதையும் சொல்லலாம். மின்சாரம் இல்லை என்றும் சொல்லலாம், டெஸ்டர் செத்துவிட்டது என்றும் சொல்லலாம். இதை யாரும் எனக்கு அதுவரையில் செய்து காட்டியதில்லை.

கழற்றிய ரிலேயை அவர் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தது ஜோதிடர் குழந்தையின் உள்ளங்கையைப் பார்ப்பதுபோல இருந்தது. கண்ணாடி போன்ற மேல்மூடியை நகத்தால் நெம்பி எடுத்தார். இரண்டு வெள்ளிக் குமிழ்களும் பட்டாணிக்கும் சிறிய அளவினவாய், கருகி, ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருந்தன. காகிதக் கத்தியின் நுனியை இடையில் கொடுத்ததும் ‘பட்’டென்று பிரிந்தன, ஒன்றில் பள்ளமும் மற்றதில் அதற்கேற்ற மேடும் இருந்தன. அவர் அதைப் பார்த்துத் திருப்தியடையவில்லை. ஏன் ஒட்டிற்று என்பதே அவருக்கு வேண்டியிருந்தது. ஒயர் வந்து சேரும் திருகுகளில் ஒன்றைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்ததை எனக்குச் சுட்டிக்காட்டினார். திருகு தளர்ந்திருக்கிறது, தளர்ந்த இடத்தில் சூடு பிறந்திருக்கிறது, அந்தச் சூடு தகட்டின் வழியாக உள்ளே போய் வில்லின் முறுக்கைக் குறைத்திருக்கிறது, முறுக்குக் குறைந்ததும் குமிழ்கள் இறுகச் சேராமல் பொறி விட்டிருக்கின்றன, பொறி வெள்ளியை உருக்கியிருக்கிறது. ஒரு கால் திருப்புத் திருப்பினால் தீர்ந்திருக்கக்கூடிய காரியம், நாளொன்றுக்கு 48 யூனிட் மின்சாரத்தை ஆவியாக மாற்றும் வரையில் வளர்ந்திருக்கிறது. மாதத்துக்கு ஐம்பது ரூபாய்ச் சலுகை வாங்கும் வீட்டில் இது நடந்தது என்பதைக் கணக்குப் பார்த்து என் மனைவி சொன்னபோது நான் பேச்சை மாற்றினேன்.

புதிய ரிலே வாங்க எஸ்.பி. ரோட்டுக்குப் போனோம். டவுன் ஹாலுக்கும் மார்க்கெட்டுக்கும் நடுவே, சதர் பத்ரப்ப ரோடு என்ற முழுப் பெயரை எவரும் சொல்லாத அந்தத் தெருவில் மின்சாரத்தோடும் மின்னணுவோடும் சம்பந்தப்பட்ட எந்தச் சாமானும் கிடைக்காமற் போகாது. என்ன வேண்டும் என்று தெரியாமல் போகிறவர் மட்டும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். ஆள் உள்ளே நுழைய முடியாத ஒரு கடையின் வாசலில் நின்றோம். 

“காயில் எஷ்டு ஓல்ட்டு?” என்றார் கடைக்காரர், தலை நிமிராமல்.

“இன்னூர மூவத்து, ஏ.சி. பாயிண்ட் மூவத்து ஆம்பியர்,” என்றார் பெரியவர். கடைக்காரர் அப்போதுதான் தலை நிமிர்ந்தார்.

பழைய ரிலேயில் 10 ஆம்பியர் என்றுதான் பொறித்திருந்தது. இரண்டு கிலோவாட்டுக்கு எட்டே முக்கால் ஆம்பியர் போதுமே, பத்து ஏன் தகாது என்று நான் கேட்டேன். “கணக்குக்குச் சரி சார், காண்டாக்டுக்குச் சரியில்லை,” என்று சொல்லிவிட்டு, கடைக்காரர் எடுத்துக் கொடுத்தவற்றில் ஒவ்வொன்றின் காயிலுக்கும் சோதனைப் பலகையிலிருந்து மின்சாரம் கொடுக்கச் சொல்லிக் காதோரம் வைத்துக் கேட்டார். சிலவற்றை ஒதுக்கினார். மாறுமின்னோட்டம் ஒரு விநாடியில் நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டு மீள்கிறது. அந்தந்தக் கணத்தில் காந்தம் தளர்ந்து தகடு நடுங்காதபடி, காயிலின் இரும்பு முகத்தில் பாதியைச் சுற்றி ஒரு செப்பு வளையத்தை அடித்து இறக்கியிருப்பார்கள். வளையம் ஒழுங்காக உட்காராத ரிலே வண்டுபோல முரலும். முரலுகிற ரிலே நிம்மதியாகக் குமிழ்களைப் பிடித்திருக்காது. எங்களுக்கு வாய்த்தது, ‘டக்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின் வாய் திறக்காத ஒன்று.

பொருத்தும் வேலை அரைப் பொழுதுக்கும் குறைவான வேலை. சிவப்பு ஒயர், அதாவது ஃபேஸ், எம்.சி.பி.யிலிருந்து ரிலேயின் பொது முனைக்கு வந்தது. காயில் இழுக்கும்போது மட்டும் சேருகிற முனையிலிருந்து ஹீட்டருக்குப் போயிற்று. கறுப்பான நியூட்ரல், ரிலேயைத் தொடாமல் நேரே ஹீட்டருக்குச் சென்றது. இவ்விரண்டுக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர். காயிலுக்கு மெல்லிய ஒயர் போதும்: ஃபேஸிலிருந்து டைமர், டைமரிலிருந்து தெர்மோஸ்டாட், தெர்மோஸ்டாட்டிலிருந்து காயில், காயிலிலிருந்து நியூட்ரல். ஒயர் நுனிகளை வெறுமனே திருகின் அடியில் சுற்றிவிடாமல், லக் வைத்து இடுக்கியால் நசுக்கி, ஒவ்வொன்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒருமுறை இழுத்துப் பார்த்தார். தொட்டிக்கும் பெட்டிக்கும் உள்ள பச்சை எர்த் ஒயரைச் சுரண்டிப் புதிதாக முறுக்கினார். டெலிபோன் தொழிற்சாலையில் 50 ஓல்ட்டுக்கு மேல் அவர் கைவைத்ததில்லையாம். “அங்கே தப்புப் பண்ணினா ராங் நம்பர் போகும் சார். இங்கே தப்புப் பண்ணினா ஆளே போயிடுவான்.” 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அறுத்துவிடுகிற ஆர்.சி.சி.பி. ஒன்றையும் வைத்தாலொழிய மெயினை ஏற்றமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, அதையும் வாங்கிவரச் செய்தார்.

கைக்குட்டையை அவிழ்த்து மெயினை ஏற்றியதும், தெர்மோஸ்டாட்டைத் திருப்பினால் ‘டிக்’. அதன் காலடியிலேயே ‘டக்’. கீழே மீட்டர் விளக்கு துடித்தது. எதிர்ப்புறம் திருப்பினார், துடிப்பு நின்றது. அதைச் சில முறை செய்து பார்த்ததில் அவசியத்தைவிட ஆனந்தமே அதிகம் என்று நினைக்கிறேன்.

காப்பி குடிக்கும்போது, அந்த வருஷம் ஜூலை மாதத்தில் நம் நாட்டில் தந்திச் சேவையை நிறுத்திவிட்டார்களே என்று பேச்சு வந்தது. ரிலே பிறந்ததே அந்த வம்சத்தில்தான். நெடுந்தூரம் ஓடிக் களைத்துப்போன மின்னோட்டம், மறுமுனையில் வேறொரு பாட்டரியின் புதிய மின்னோட்டத்தைத் திறந்துவிட வேண்டும் என்ற யுக்தியை ஜோசப் ஹென்றி என்ற அமெரிக்க விஞ்ஞானி 1835-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தம் மாணவர்களுக்குச் செய்து காட்டினார். அது இல்லாவிட்டால் மோர்ஸின் தந்தி ஊர் எல்லையைத் தாண்டியிராது. தந்தி போயிற்று; ஸ்ட்ரௌஜர் நிலையங்களும் போயின; அவற்றைத் தாங்கி நின்ற அந்தச் சிறு கருவி குளியலறைக்கு மேலே வந்து ஒளிந்துகொண்டிருக்கிறது. இந்த ஊரின் ஜலத்தையும் மின்சாரத்தையும் பற்றிப் பெரியவர் இன்னொன்றும் சொன்னார். சிவசமுத்திரத்தில் காவேரியிலிருந்து எடுத்த மின்சாரம் 1902-இல் கோலார் தங்கச் சுரங்கங்களுக்குப் போய், 1905 ஆகஸ்டு 5-ஆம் தேதி பெங்களூர் தெருவிளக்குகளை ஏற்றிற்று. 1974 முதல் காவேரி ஜலமே சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேட்டில் ஏறி இங்கே வருகிறது. ஆக, ஒரு வாளி வெந்நீரில் ஜலமும் காவேரி, அதைச் சூடாக்குவதும் முன்னொரு காலத்தில் காவேரி. இரண்டு மாநிலத்தாரும் வழக்காடுவதற்கு இது இன்னொரு காரணமாகிவிடக் கூடாதே என்றேன். அவர் சிரித்துவிட்டு இன்னும் அரை டம்ளர் காப்பி கேட்டார்.

பணம் கொடுக்கப் போனபோது கருவிச் சுருளை அக்குளில் இடுக்கிக்கொண்டு தெருவைக் கடந்துவிட்டார். என் மனைவி அடுத்த நாள் ஒரு டப்பா அதிரசம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதை மறுக்க அவருக்குத் தோன்றவில்லை.

சூரிய வெந்நீர்க் கருவி வாங்க இருக்கும் வாசகர்களுக்கு ஒன்று சொல்வேன். பளபளப்பான போர்டில் ஈயம் வைத்து ரிலேயைப் பற்றவைத்து, மேலே பிசின் ஊற்றி மூடிய கட்டுப்பாட்டுப் பெட்டியை எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். அது பழுதாகிற அன்றே குப்பையாகிறது. திருகைக் கழற்றித் தனியே எடுக்கக்கூடிய ரிலேயாக, ஹீட்டர் இழுக்கும் ஆம்பியரைப் போல மூன்று மடங்கு தாங்கக்கூடியதாகக் கேட்டு வாங்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் தொடங்கும் முன், தொழில் தெரிந்த ஒருவரைக் கொண்டு மெயினை இறக்கி அந்தத் திருகுகளை எல்லாம் இறுக்கச் சொல்லுங்கள். எர்த் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.